விராலும் பாரையும் இழுத்த எட்டு வருஷம்

திருச்சுழிக்கு மேற்கே, சின்னத்துரையின் புஞ்சையில், நல்லதண்ணிக் கிணற்றில் கிடந்த விராலும் உப்புக் கிணற்றில் கிடந்த பாரையும் ஒரே தூண்டில் நரம்பின் இரண்டு முனைகளைக் கவ்விக்கொண்டு, 1984 சித்திரையிலிருந்து 1992 ஆவணி வரை இழுத்தன. கிணறுகளுக்கு நடுவே நாற்பது அடி. நரம்பு ஒரு விரற்கடைகூட எந்தப் பக்கமும் நகரவில்லை.

மீன்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பித்த புண்ணியவான்கள் இரண்டு சம்பந்திகள். சின்னத்துரையின் மகள் கனகலட்சுமி, பந்தல்குடியில் மளிகைக் கடை வைத்திருந்த ராமசுப்புவின் மகன் பாண்டீஸ்வரனைக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் மறுவீட்டுக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். விருந்தில் கண்மாய் விரால் குழம்பு. நாலாவது துண்டைச் சப்பிக்கொண்டே ராமசுப்பு, “சேத்து மீனுக்கு என்ன சத்து இருக்கும் சம்பந்தி? தூத்துக்குடிப் பாரை தூண்டில்ல மாட்டுனா வள்ளத்தையே இழுத்துட்டுப் போயிரும்” என்றார். சின்னத்துரைக்கு மீசை துடித்தது. “ஓடுறதெல்லாம் ஒரு வீரமாய்யா? விரால் சேத்துல முங்கி ஒக்காந்துச்சுன்னா, காளை பூட்டி இழுத்தாலும் வராது.”

இவர் கடலைப் பார்த்ததில்லை. அவர் தூண்டிலைத் தொட்டதில்லை. அதனால்தான் இருவருக்கும் அத்தனை நிச்சயம். அன்றைக்கே இருளப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்: எந்த மீன் ஜெயிக்கிறதென்று தெரிகிறவரை பெண் புருஷன் வீட்டுக்குப் போகக்கூடாது. உப்பு லாரிக்காரர் ஒருவர் பீப்பாய்க் கடல்தண்ணீரில் பாரையைக் கொண்டுவந்து உப்புக் கிணற்றில் விட்டார். கரிக்கிற தண்ணீரெல்லாம் கடல்தான் என்பது எங்கள் பக்கத்துப் படிப்பு. பாரையும் அதை நம்பிவிட்டது.

பாரை ராப்பகலாக ஓட்டம் எடுத்தது. விரால் சேற்றில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்க மட்டும் மேலே வந்துபோனது. எண்பத்தேழில் மழை பொய்த்து, கிணறுகளில் ஒரு முழத் தண்ணீர் நின்றபோதும் இரண்டும் பிடியை விடவில்லை. வேடிக்கை பார்க்க நரிக்குடியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. பெண்ணின் கழுத்தில் புதுத் தாலி பழசாகிப் போனதை ஒரு பயலும் பார்க்கவில்லை. பாண்டீஸ்வரன் மாசத்துக்கு ஒருதரம் வந்து வேலிக்கு அந்தப்புறமே நின்று, “அப்பா சத்தியம் பண்ணியிருக்காக, நான் என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு, பஸ்ஸு போயிரும் என்று கிளம்பிவிடுவான். பொண்டாட்டியும் வேண்டும், அப்பன் கடையும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. தூ!

“எனக்கு இருவத்தெட்டு ஆச்சுப்பா. இன்னும் எத்தனை வருசம்?” என்று தொண்ணூற்றிரண்டு ஆவணியில் கனகலட்சுமி கேட்டாள்.

“பொறு தாயி. பாரைக்கு இப்பத்தான் மூச்சு வாங்குது” என்றார் சின்னத்துரை.

மறுநாள் கனகலட்சுமி இரண்டு மீன்களையும் கூடை விட்டுத் தூக்கி, செதில் உரசி, ஒரே சட்டியில் குழம்பு வைத்தாள். சம்பந்திகளை எதிரெதிரே உட்காரவைத்துப் பரிமாறினாள். எது விரால் எது பாரை என்று தெரியாமல் முள்ளுவரை உறிஞ்சினார்கள் இருவரும். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். “அடிப் பாவி, எது ஜெயிச்சதுன்னு இனிமே எப்பிடித் தெரியும்?”

“ஒங்க வயித்துக்குள்ள கெடந்து இழுக்கட்டும். நான் போறேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். அங்கே நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவளைத் திருப்பிக் கூட்டிவரக் கிளம்பிய சம்பந்திகளால் எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றில் ஒன்று கடல் பக்கம் இழுத்தது, ஒன்று கண்மாய் பக்கம் இழுத்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். சின்னத்துரையின் மனைவி சரஸ்வதி மூன்று வேளையும் அங்கேயே சோறு வைத்தாள். மூன்றாம் மாசம் பாண்டீஸ்வரன் மில் வாசலில் போய் நின்றான். “வந்தா வா. அப்பாட்ட கேக்கணும்னு சொன்னீன்னா அடுத்த பஸ்ஸுல திரும்பிரு” என்றாள். அவன் திரும்பவில்லை.

தொண்ணூற்றாறில் சின்னத்துரையின் வீட்டுக்குச் சிமெண்டுத் தரை போட்டார்கள். மேற்பார்வைக்கு வந்த கனகலட்சுமியிடம், நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை என்ன செய்வது என்று கொத்தனார் கேட்டார்.

“அவுக பாட்டுக்கு இருக்கட்டும். சுத்திப் பூசுங்க” என்றாள்.