மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வயது

1966ஆம் வருஷம் மார்ச் பதினொன்றாம் தேதி மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு செய்த நாளிலிருந்து, 1984 ஆகஸ்டில் அது கைக்கு வந்த நாள் வரை, பழவேற்காடு கோட்டைக்குப்பத்து நீலமேகத்துக்கு வயது ஏறவில்லை. பதிவு செய்தபோது இருபத்தாறு. அதற்கப்புறம் பதினெட்டு வருஷமும் இருபத்தாறுதான். அதே காலத்தில் வெள்ளை இறால் விலை பத்து மடங்கு ஏறியது, மண்ணெண்ணெய்க்கு வரிசை நீண்டது, முகத்துவாரம் நாலு தடவை மண் அடைத்து நாலு தடவை திறந்தது. இதெல்லாம் ஊரறிந்த சங்கதி. நம்பாதவர்கள் கோட்டைக்குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

வண்டியை அவன் பவிசுக்காகக் கேட்கவில்லை. மனைவி குப்பம்மா தினமும் மீன் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குப் போகவேண்டும். பதினெட்டு கிலோமீட்டர். பஸ் கண்டக்டர்களோ கூடையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விசில் அடித்துவிடுவார்கள். அவளுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். ஒருநாள் நடந்தே போய் நடந்தே திரும்பியவள், வாசலில் கூடையை இறக்கிவைத்து அதன்மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். நீலமேகம் பக்கத்தில் உட்கார்ந்து ஈயை ஓட்டிக்கொண்டே இருந்தான், எழுப்ப மனசு வரவில்லை. மறுநாள் சென்னை மவுண்ட் ரோட்டுக்குப் போய், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில் முன்பணம் கட்டி, கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குப் பதிவு செய்துவிட்டு வந்தான்.

“பாரு குப்பு, உன்ன பின்னால குந்த வெச்சி, கூடையக் கட்டினு, ஜல்தியா பொன்னேரி போய்ச் சேரப் போறோம்” என்றான்.

“மொதல்ல வண்டி வரட்டும்யா, அப்பாலிக்கா போலாம்” என்றாள் அவள். அவளுக்கு ஒரே சந்தோஷம். அதை மறைக்கத் தெரியாமல் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் கடையில் மோட்டார் சைக்கிள் இருக்காது. பட்டியல் இருக்கும். வருஷத்துக்கு இத்தனை வண்டிதான் என்று தொழிற்சாலைக்குக் கணக்கு, கேட்பவர்களோ ஆயிரக்கணக்கு. கடை மானேஜர் மரியாதையாகவே சொன்னார்: விலை நாலாயிரம், ஆறு வருஷம் ஆகும், விலைக்கு மேலே ஆயிரம் வெட்டினால் அடுத்த மாதமே எடுத்துக்கொண்டு போகலாம். அதே வாரம் பதிவு செய்த மீன் ஏஜெண்டு சந்தியாகு ஆயிரத்தை வெட்டினார், அடுத்த மாதம் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் புகை விட்டுக்கொண்டு போனார். நீலமேகம் வெட்ட மாட்டேன் என்றுவிட்டான். கையில் காசு இல்லாதது ஒரு காரணம். காசு இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டான் என்பதுதான் விஷயம்.

ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்த நாள் யார் எந்தப் பாட்டில் இறங்குவது என்று கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். முறையை விற்க முடியாது, வாங்க முடியாது. கோடீசுவரனாக இருந்தாலும் தன் நாள் வரும்வரை கரையில் உட்கார்ந்து பீடி பிடிக்கவேண்டியதுதான். நீலமேகம் மவுண்ட் ரோட்டுப் பட்டியலையும் பாடு என்றே எடுத்துக்கொண்டான். கோட்டைக்குப்பத்தில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. மானேஜர் பட்டியலில் விலைக்கு மேலே காசு கொடுத்தவர்கள் முன்னால் ஏற ஏற, அறுநூற்றுப் பதினாலாவது ஆளாகப் பதிவு செய்தவன் ஆறு வருஷம் கழித்து எழுநூற்று இரண்டாவது ஆளாக இருந்தான்.

வயது நின்றுவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர் முடிதிருத்துபவர். மூன்று மாதமாகியும் இவன் கடைப்பக்கம் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்து பார்த்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி, அது இரண்டு நாள் தாடியாகவே நின்றிருந்தது. நகம் வளரவில்லை. “இப்படி எல்லாரும் கெளம்பினா என் பொழப்பு இன்னா ஆவறது?” என்று சண்டை பிடித்துவிட்டுப் போனார். பஞ்சாயத்துத் தலைவர் லோகநாதன் யோசித்து ஒரு விளக்கம் சொன்னார். முறைக்குக் காத்திருப்பவனைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்பது ஏரிக் கட்டுப்பாடு. அவன் முறை வராதவரை அவனுடைய அடுத்த வருஷமும் அவனைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். டச்சுக்காரன் காலத்தில் ஜாவாவுக்குப் போகும் கப்பலில் இடம் கேட்டுவிட்டு நாற்பது வருஷம் மீசை நரைக்காமல் கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கணக்கப்பிள்ளையைப் பற்றி அவர் நைனா சொல்லியிருக்கிறாராம். ஊர் தலையாட்டியது. அதோடு அந்தப் பேச்சு முடிந்து இறால் விலைக்குப் போய்விட்டார்கள்.

முதல் நாலைந்து வருஷம் குப்பம்மாவுக்கு இது பெருமையாகக்கூட இருந்தது. மகள் தேவகி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போனாள். புருஷன் மட்டும் கல்யாணத்தன்று இருந்த மாதிரியே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அப்புறம் பொன்னேரிச் சந்தையில் ஒருத்தி, “தம்பி நல்லா ஒத்தாசையா கீறானே” என்றாள். குப்பம்மா சிரித்துச் சமாளித்தாள். இன்னும் சில வருஷம் கழித்து வேறொருத்தி, “மவனுக்குப் பொண்ணு பாக்கறியா?” என்று கேட்டாள். அன்றைக்குக் கூடையில் பாதி மீன் மிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். வெயிலும் உப்புக்காற்றும் அவளை ஒரு வயதுக்கு இரண்டு வயதாகத் தின்றிருந்தன. அதற்கப்புறம் அவனோடு சேர்ந்து தெருவில் நடப்பதை விட்டாள், பத்தடி பின்னால் வந்தாள். அவன் பூ வாங்கிக் கொடுத்தால் தேவகிக்கு வைத்துவிட்டாள். அவனோ இருபத்தாறு வயதுப் பிள்ளையாட்டம், “இன்னா குப்பு, என்மேல கோவமா?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் சுற்றுவான். கோபமில்லை. பயம். ஒரே படகில் ஏறியவர்களில் ஒருத்தியை மட்டும் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போவதுபோல அவளுக்கு இருந்தது. அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது? புருஷன் கிழவனாகவில்லை என்று அழுகிற பெண்ணைப் பார்த்து ஊர் சிரிக்காதா?

அவனிடம் சொல்லாமல் இறால் காயவைத்து விற்ற பணத்தை முடிந்துகொண்டு மவுண்ட் ரோட்டுக்கு மூன்று தடவை போனாள். அவள் எண்ணூறு கொண்டுபோனபோது விலைக்கு மேலே வெட்டவேண்டியது ஆயிரத்து ஐந்நூறு ஆகியிருந்தது. ஆயிரத்து ஐந்நூறோடு போனபோது மூவாயிரம். மூன்றாம் தடவை மானேஜர் அவளை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்து, ஐயாயிரம் என்றார். “நான் வெக்கற விலை இல்லம்மா, வாங்கறவங்க வெக்கறது” என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

இதற்குள் சேதி சென்னை வரைக்கும் பரவி, கொத்தவால் சாவடி மொத்த வியாபாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார். டச்சுக்காரர் கல்லறை வாசலில், எலும்புக்கூடு செதுக்கிய தூண்களுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே குப்பத்துக்கு நடந்து வந்தார். நீலமேகத்தின் பதிவை அவர் பேருக்கு மாற்றிக் கொடுத்தால் ஒரு லட்சம் என்றார். வண்டி வேண்டாம், வண்டி வராமல் இருந்தால் போதும் என்றார். “முறைய விக்கறதில்லைங்க” என்று நீலமேகம் அவருக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டான். லட்சத்தை விட்டுவிட்டானே பைத்தியக்காரன் என்று ஒரு மாதம் பேசிக்கொண்டார்கள்.

1984 ஆனியில் தேவகியைப் பெண் பார்க்கத் தோணிரேவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு இருபத்தேழு வயது. வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீர் குடித்து, நீலமேகத்தைப் பார்த்து, “மச்சான் நீயும் குந்துபா, நைனா எப்ப வருவாரு?” என்றார்கள். “இவருதான் நைனா” என்று தேவகி உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள். தோணிரேவுக்காரர்களும் ஏரிக்கரை ஆட்கள்தான், புரிந்துகொண்டார்கள், சம்பந்தமும் முடிவாயிற்று. அவர்கள் போனபிறகு குப்பம்மா பாயைச் சுருட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“உன் முறை வர்றதுக்குள்ள என் முறை முடிஞ்சிடும்யா” என்றாள்.

“இன்னாடி பேசற?”

“மெய்யாலுமேதான் சொல்றேன். நாளைக்கு நான் பல்லு போயி மூலைல கெடப்பேன். அப்பவும் நீ மீச முறுக்கினு வந்து, குப்பு, குப்புனு நிப்ப. எனக்குப் புருசன் வேணும்யா. பேரன் வேணாம்.”

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அழுது நீலமேகம் பார்த்தது அன்றைக்குத்தான். அவன் எழுந்து போய்ப் படகை ஒட்டித் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தன் வலைகளில் இரண்டை விற்றான், அவள் ஒளித்துச் சேர்த்ததை எடுத்துவைக்க, அதையும் வாங்கிக்கொண்டான். கோயில் வாசலுக்குப் போய், முறைக்குக் காசு கொடுக்கப் போகிறேன், ஊர் என்ன தண்டனை கொடுத்தாலும் கட்டுப்படுகிறேன் என்று லோகநாதனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அவர்கள் தலைமுறையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆகஸ்டு மாதம் புருஷனும் பெண்சாதியுமாக மவுண்ட் ரோட்டுக்குப் போனார்கள். மானேஜர் பணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பட்டியலில் பேரை அடித்துவிட்டு, சாவியைக் கொடுத்தார். ஓட்டுவதற்குச் சந்தியாகு தன் பழைய வண்டியில் பழக்கிவைத்திருந்தார். குப்பம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பழவேற்காடு ஐம்பத்து நாலு கிலோமீட்டர். வண்டி கிளம்பிய மூன்றாவது கிலோமீட்டரில் நீலமேகத்துக்கு இருபத்தேழு ஆயிற்று.

அதைப் பார்த்தவள் அவள்தான், அவன் பின்கழுத்து அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. திருவொற்றியூருக்குள் முடி தோளுக்கு வந்து அவள் முகத்தில் அடித்தது, அவள் அதைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்துவிட்டாள். மணலி தாண்டும்போது முப்பத்திரண்டு. கழுத்துத் தோல் கறுத்துத் தடித்தது. கையை வைத்திருந்த இடுப்பில் சதை போட்டது. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வயது என்று கல்லைப் பார்த்து அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். ஆசைப்பட்டதெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் அதற்கப்புறம் அவள் கல்லைப் பார்க்கவில்லை. மீஞ்சூர் ரயில்வே கேட்டில் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். டீக்கடை பக்கத்தில் ஒரு சலூனில் உட்காரவைத்து, ஒன்பது வருஷத்து முடியையும் தாடியையும் வெட்டவைத்தாள். சலூன்காரர் கூலி ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டார், நியாயம்தான். கண்ணாடியில் முப்பத்தைந்து வயது நீலமேகம் தெரிந்தான்.

“இத்தோட போதும்யா” என்றாள் அவள். “சோக்கா கீற. வண்டிய இங்கயே வித்துட்டு பஸ்ஸுல போலாம்.”

“அப்ப நீ?”

“எனக்கின்னா, நான் நாலடி முன்னால போயினு இருக்கேன். பரவால்ல.”

நீலமேகம் டீ தம்ளரை வைத்தான். “நீ ஒண்டியா முன்னால போனது போதும் குப்பு. ஏறு” என்று சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பினான். அவள் ஏறினாள். ஏறின கையோடு அவன் முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தாள். சட்டை நனைந்தது, அவன் திரும்பவில்லை.

பொன்னேரியில் முப்பத்தெட்டு. காதோரம் நாலு நரை. சந்தைக்காரிகள் கூடையை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். குப்பம்மா அங்கே நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ரோட்டில் பள்ளம் அதிகம், வயதும் குலுங்கிக் குலுங்கித்தான் ஏறியது. ஒரு வாய்க்கால் பாலத்தில் அவனுக்கு முதல் இருமல் வந்தது. ஏரி கண்ணில் படும்போது நாற்பத்துமூன்று. தூரத்துப் படகு யாருடையது என்று கண்ணைச் சுருக்கிக் கேட்டான், அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது நாற்பத்துநாலு ஆகி, அங்கேயே நின்றது.

அவள் இறங்கி முன்னால் வந்து, மறுபடியும் வளர்ந்திருந்த முடியையும் தாடியையும் ஒதுக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே சுருக்கம், மீசையில் பாதி வெள்ளை. யாரும் சொல்லாமலே இவன் தன்னுடையவன் என்று தெரிகிற முகம்.

“கை குடுடி, முட்டி புடிச்சிக்கிச்சு” என்றான் நீலமேகம்.

அவள் கையைக் கொடுத்து இழுத்தாள். அவளாலும் முடியவில்லை. அவன் வண்டிமேலும் அவள் கீழேயுமாகக் கையைப் பிடித்துக்கொண்டு, இழுக்கவும் முடியாமல் விடவும் மனசில்லாமல், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்கள். தேவகி ஓடிவந்து இரண்டு பேரையும் தாங்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் லோகநாதன் நாலு பேரோடு வந்து ஊர்த் தீர்ப்பைச் சொன்னார். முறைக்குக் காசு கொடுத்த குற்றத்துக்கு நீலமேகத்துக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. ஊர்ப் பதிவேட்டில் அவன் வயதை நாற்பத்துநாலு என்று திருத்திக்கொண்டார்கள். இருபத்தாறு எப்படி நாற்பத்துநாலு ஆனது என்று யாரும் கேட்கவில்லை, வண்டி எத்தனை மைலேஜ் கொடுக்கிறது என்றுதான் கேட்டார்கள். குப்பம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டே நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்தாள். பாதியை அவன் முட்டியில் தேய்த்தாள், மீதியைத் தன் முட்டியில் தேய்த்துக்கொண்டாள்.