நஜீம் அண்ணனைச் சேர்த்தால்

இன்னும் மூன்று மணி நேரம் ஐந்து நிமிடம். ஐந்து மணிக்கு லீக்கின் இணையதளம் மூடிக்கொண்டால் அப்புறம் யார் காலில் விழுந்தாலும் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க முடியாது, அதற்குள் அவள் பேச வேண்டும், பேசுவதற்கு முன்னால் இலையில் கிடக்கும் இந்த நல்லி எலும்பை ஏதாவது செய்ய வேண்டும்… கேட்டு வாங்கியதல்ல, வேண்டாம் என்று சொல்ல முனீஸ்வரி வாயெடுப்பதற்குள் விழுந்துவிட்டது, அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல அரை நிமிடமாவது பிடிக்கும், பந்தியில் யாரும் அரை நிமிடம் நிற்பதில்லை. கூடல் யுனைடெட் கால்பந்து அணியின் ஆட்ட ஆய்வாளர் என்று அவள் கழுத்து அட்டையில் போட்டிருக்கிறது. உசிலம்பட்டியில் அம்மா அதை, பந்தாட்டக் கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்குறா என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறாள். இயற்பியல் படித்த பிள்ளை எதற்கு இருபத்திரண்டு ஆம்பளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று பெரியப்பா கேட்டபோது அவளுக்கு நல்ல பதில் ஒன்று தோன்றியது, தோன்றியபோது பெரியப்பா பஸ் ஏறிப் போயிருந்தார். இன்றைக்கும் அப்படித்தான் ஆகப் போகிறதா… மணி ஐந்தாகி, இணையதளம் மூடி, பட்டியலில் ஏறாத நஜீம் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு தன் மச்சானின் கறிக்கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ராத்திரி பல் தேய்க்கும்போது தோன்றுமா?

எதிர் வரிசையில் திருச்சியிலிருந்து வந்திருக்கும் அணி உட்கார்ந்திருக்கிறது. நான்கு மணிக்கு ஆட்டம், சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டம், மண்டபத்துக்குப் பின்னாலேயே மைதானம். கூடல் பையன்களுக்குப் பதினோரு மணிக்கே முட்டையும் வாழைப்பழமும் கொடுத்தாகிவிட்டது, அவர்கள் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்று கோலா உருண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விருந்து வந்தவர்களுக்கு மட்டும். ஆட்டம் முடிந்து போட்டால் என்ன என்று கோச் அழகுராஜா ஒரு தடவை கேட்டுப் பார்த்தார், முதலாளி சிவனாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார், "அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல வந்தவன வெறும் வயித்தோட வெயில்ல எறக்குவியா? நம்ம வீட்டு வாசல்ல வந்து ஒருத்தன் பசியோட ஓடுனான்னு ஊருக்குள்ள பேச்சு வந்தா நான் எங்க போயி மூஞ்சிய வச்சுக்குவேன்?" அத்தோடு முடிந்தது. எட்டு பஸ் ஓடும் வீடு, வாசலில் வந்தவர் சாப்பிடாமல் போனதாகச் சரித்திரம் இல்லை, அது கால்பந்து அணியாக இருந்தாலும் சரி, மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவராக இருந்தாலும் சரி. கறிகூட நஜீம் அண்ணனின் மச்சான் கடையில் அறுத்தது, ஹலால் இல்லை என்று எந்தப் பிள்ளையும் சாப்பிடாமல் இருந்துவிடக் கூடாது என்று.

போன வருடம் பத்து அணிகளில் ஒன்பதாவது. கடைசி இரண்டு அணிகள் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும், போயிருக்கும், கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் அணி கடையை மூடிக்கொண்டு போனதால் இவர்கள் பிழைத்தார்கள். பிழைத்ததுதான் முதலாளிக்குத் தாங்கவில்லை. தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, எவனோ போன இடத்தில் உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கமே போகவில்லை. பிறகு பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது மாதிரி ஒரே நாளில் பதினெட்டுப் பேரை மாற்றினார். எல்லாம் இருபது, இருபத்தொன்று வயதுப் பையன்கள், முடி வெட்டியிருக்கும் தினுசைப் பார்த்தால் ஐரோப்பா. பழைய ஆட்களில் மிச்சம் நஜீம் அண்ணன் மட்டும், முப்பத்து நான்கு வயது, நடுத் தடுப்பாட்டக்காரர், வலது முட்டியில் பெல்ட். அவரையும் போகச் சொல்லவில்லை, சொல்ல முதலாளிக்கு மனசு வரவில்லை, பட்டியலில் பெயர் எழுதாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். "நஜீமு, நீ இனிமே நம்ம வீட்டு ஆளு மாதிரி, பந்திய நீ பாத்துக்க." ஓடறதே இல்லண்ணே அவரு, என்று கோச் சொன்னார். உண்மைதான். அந்த உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே முனீஸ்வரி. ஓடும் தூரத்தை அளக்க முதுகில் கட்டும் கருவி அப்படித்தான் சொன்னது, போன சீசனில் அணியிலேயே குறைவாக ஓடியவர் நஜீம். அந்தக் காகிதத்தை அவள் கோச்சிடம் நீட்டிய நாளை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஏன் ஓடவில்லை என்று அதற்கப்புறம்தானே வீடியோவைப் பார்த்தாள்… பந்து வரப்போகும் இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். ஏற்கெனவே நிற்கிறவர் எதற்கு ஓட வேண்டும்? அதைச் சொல்ல ஒரு கருவியும் இல்லை, வாய்தான் இருக்கிறது, அந்த வாயில் இப்போது நல்லி எலும்பு.

ஐந்து பயிற்சி ஆட்டம், ஐந்திலும் வெற்றி, பத்தொன்பது கோல் போட்டு ஒன்றே ஒன்று வாங்கியிருக்கிறார்கள். காளவாசல் முழுக்க ஃப்ளெக்ஸ், புதுப் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு புகைக்கு நடுவில் நிற்கிறார்கள், மேலே ஒரு சிங்கம். முனீஸ்வரியும் முதல் மூன்று ஆட்டம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்காவது ஆட்டத்தில் அந்த ஒரு கோல் விழுந்தது. போட்டவன் யார் என்று பார்த்தாள், இடது பக்கம் வந்த பையன், நம் ஆட்கள் நால்வரையும் ஏதோ மண்டபத்து நாற்காலிகளைத் தாண்டுவது மாதிரி தாண்டினான். அவன் அணியின் மற்ற பத்துப் பேரும் நடந்துகொண்டிருக்க இவன் ஒருவன் ஏன் ஓடுகிறான்… விசாரித்தால், பஸ்ஸைத் தவறவிட்டவனாம். பந்தி முடிந்து இலை எடுத்தபின் வந்து சேர்ந்தவன். அன்றைக்கு ராத்திரி அவள் நான்கு ஆட்டத்து வீடியோவையும் திரும்ப ஓட்டினாள், வந்த அணிகள் எல்லாம் இருபதாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைக்கின்றன, ஒரு கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார், சந்தேகமில்லை, மூடித்தான் இருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு பரிசோதனை செய்திருந்தால் பேராசிரியை நோட்டை முகத்தில் எறிந்திருப்பார். ஒப்பிட்டுப் பார்க்க விருந்தில்லாத ஓர் ஆட்டம் வேண்டும்… அதுவும் நடந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, பல்கலைக்கழக மைதானத்தில், விடுதிப் பையன்களோடு, சும்மா கால் நீட்டிப் பார்க்க. அவர்கள் டீகூடக் குடிக்கவில்லை. ஆறு பூஜ்யம். ஆறு அவர்களுக்கு. "இது மேட்ச் இல்லம்மா, பயிற்சி, கணக்குல வராது" என்றார் கோச், சட்டைக் காலரை இரண்டு தடவை சரி செய்துகொண்டார். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"டேய் தம்பி, இன்னொரு கரண்டி." நஜீம் அண்ணன் வாளியோடு திருச்சி அணியின் ஒன்பதாம் நம்பர் முன்னால் நிற்கிறார். "போதும்ணே, சத்தியமா போதும்ணே, ஓடணும்." "ஓடு, யாரு வேணாங்குறா. சாப்புட்டு ஓடு. திருச்சில உங்க அம்மா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" "எங்கம்மாவ உங்களுக்குத் தெரியுமாண்ணே?" "எல்லா அம்மாவும் ஒண்ணுதான்டா." விழுந்தது கரண்டி. அந்தப் பையன் கையால் இலையை மறைக்க நினைத்தான், நினைப்பதற்குள் குழம்பு கைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. முனீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த இலை காலியாகப் போகிறதோ அங்கே அவர் முன்னாலேயே போய் நிற்கிறார், யாரும் கூப்பிடுவதில்லை, எழுந்திருக்க ஒருவன் தொடையில் கை ஊன்றினால் வாளி அங்கே வந்துவிடுகிறது, வரிசையில் ஓர் இடைவெளி விடுவதில்லை, ஓடுவதும் இல்லை. அப்படியானால்… எலும்பைப் பிடித்திருந்த அவள் கை நின்றது. ஐந்து ஆட்டத்திலும் ஒரே ஒரு கோல் வாங்கியது புதுப் பையன்களின் தடுப்பாட்டத்தால் அல்ல. தடுத்தவர் இவர். பூட்ஸ் போடாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே. அவரை வெளியே அனுப்புவதற்கு ஆதாரமாகக் காட்டுகிற ஐந்து வெற்றிகளும் அவர் போட்ட சோறு… இதை யாரிடம் சொல்வது, சொன்னால் சிரிப்பார்கள், அவளுக்கே சிரிப்பு வருகிறது. லீக்கில் வெளியூர் ஆட்டம் ஒன்பது. அங்கெல்லாம் போய் யார் பந்தி போடுவது?

"என்ன தங்கச்சி, எலும்போட பேச்சுவார்த்தையா?" அவர் இப்போது அவள் முன்னால். "நான் பாத்துக்கிறேண்ணே…" "மேடைக்கு அடில பை வச்சிருக்கேன், போகும்போது ஞாபகப்படுத்து. புது பூட்ஸு. எம் மக நுஸைபா அவ உண்டியல ஒடச்சு வாங்கிக் குடுத்துருக்கா, அத்தா இந்த வருசம் கப்போட வரணும்னு. அவகிட்ட இன்னும் சொல்லல." சொல்லிவிட்டு வாளியைக் கை மாற்றிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார், குரலில் ஒன்றும் மாறவில்லை, ரசம் வேணுமா என்று கேட்கிற அதே குரல்.

முதலாளி பந்தியைப் பார்வையிட்டுக்கொண்டு வருகிறார், பின்னால் கோச். அவள் மடிக்கணினியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. இப்போதிருக்கும் அணி எத்தனாவதாக வரும் என்பது ஒன்று, அதைக் கோச்சிடம் காட்டியாகிவிட்டது, அவர் பார்த்துவிட்டு, இத அப்படியே முதலாளிட்ட காட்டுனா எனக்கும் வேல இல்ல உனக்கும் வேல இல்ல என்று அழித்துவிட்டு, மூன்று என்று தன் கையாலேயே தட்டினார். நஜீம் அண்ணனைச் சேர்த்தால் எத்தனாவது என்பது இன்னொன்று. அதை யாருக்கும் காட்டவில்லை. காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

"என்ன தாயி, கறி வெந்துருக்கா?" முதலாளி நின்றுவிட்டார். தலையாட்டினாள். "கணக்கெல்லாம் போட்டியாம்ல. எத்தனாவதா வருவோம்?" "மூணுண்ணே," என்றார் கோச், "டாப் த்ரீ, உறுதி, அதுக்கு மேல போனாலும் ஆச்சரியம் இல்ல." "ஒன்னயவா கேட்டேன்? புள்ளையக் கேட்டேன். நீ சொல்லு தாயி." எதிர் வரிசையில் திருச்சிப் பையன்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள், அல்லது அவர்களால் முடியவில்லை. கோச் அவளைப் பார்த்து மெதுவாக, மிக மெதுவாகத் தலையாட்டிக் காட்டினார், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. ஆட்டிவிடலாம். பழக்கப்பட்ட கழுத்து. அரை நிமிடம் ஆயிற்று, முதலாளி நின்றுகொண்டேதான் இருந்தார், பஸ் ஏறிப் போய்விடவில்லை.

"பத்தாவது."

"எங்கருந்து எண்ணிப் பத்து?"

"மேல இருந்து சார். செவ்வாய்க்கிழம ஹாஸ்டல் பசங்ககிட்ட ஆறு கோல் வாங்கினோம் சார். அவங்களுக்கு நாம சாப்பாடு போடல. இந்த அஞ்சு டீமும்… சாப்புட்டு வந்துதான் சார் ஆடினாங்க. நாலாவது மேட்ச்ல சாப்புடாம வந்தவன் ஒருத்தன்தான், அவன்தான் கோல் போட்டான்."

இவ்வளவு வார்த்தைகளை அவள் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து மொத்தமாகவே பேசியதில்லை. திருச்சியின் ஒன்பதாம் நம்பர் மெதுவாக இலையிலிருந்து கையை எடுத்தான், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான், "மாப்ள, எந்திரிடா" என்றான் வாய்க்குள். கோச் கூரையில் மின்விசிறியை எண்ணினார். முதலாளியின் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள், வந்தது கோபமில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல் இருந்த வாரத்தில் இருந்த முகம். "பத்தா… கீழ போயிருவோமா அப்ப?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பையன்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறினார்கள்.

"இப்ப இருக்கற டீமுக்குத்தான் சார் பத்து. நஜீம் அண்ணன் இல்லாம."

முதலாளி திரும்பினார். வரிசையின் கோடியில் நஜீம் அண்ணன், வாளியில் கரண்டி அசையாமல் நிற்கிறது, தன் பெயர் எதற்கு அடிபடுகிறது என்று புரியாத முகம், பிறகு புரிந்து, வேண்டாம் தங்கச்சி என்பது மாதிரி கையைக் கொஞ்சம் தூக்கினார். "நஜீமச் சேத்தா?" முதலாளியின் குரலில் சட்டென்று ஓர் ஆசை வந்திருந்தது, லாட்டரிச் சீட்டைப் பிரிக்கிறவன் குரல். "சேத்தா எத்தனாவது தாயி?" மூன்று என்றால் போதும். கோச் சொன்ன அதே மூன்று, யாரும் மறுக்க மாட்டார்கள், கோச்சே தலையாட்டுவார், அடுத்த நிமிடம் பட்டியலில் பெயர் ஏறிவிடும், மூன்று வரவில்லை என்று தெரிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது… ஒரு சொல்தானே. அந்த ஒரு சொல்லுக்கு முன்னால்தான் அவளுக்குத் தெரிந்தது, அந்த எண்ணை இவ்வளவு நாள் ஒளித்து வைத்தது கோச்சுக்குப் பயந்து அல்ல, பேச வராததாலும் அல்ல. பிழைத்துக் கிடக்க அது போதும். ஆசைப்படுகிற ஒருவர் முன்னால் வைக்க அது போதுமா என்று தெரியாமல்தான் வைத்திருந்தாள். இப்போதும் தெரியவில்லை. எலும்பை இலை ஓரத்தில் வைத்தாள், எழுந்து நின்றாள், எச்சில் கையை என்ன செய்வது என்று புரியாமல் முன்னால் நீட்டியபடியே, மண்டபத்தின் கடைசி இலை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எட்டாவது."