வலது கை காட்டிய புயல்

1.
கரை சேர்ந்த அன்று, குளித்துவிட்டு வந்து என் கணவர் சொன்ன ஒரு வார்த்தையில் இந்தக் கதை தொடங்கியது: "கை மாறிப்போச்சுடி." கதை எழுதும் பெண்டாட்டியிடம் வாயை விட்டால் இப்படித்தான் ஆகும்.

முதல் தொடக்கம்: கடல் கறுத்தது. (எல்லாப் புயல் கதையிலும் கறுக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: கேப்டன் கோ பிங்-லாய் (என் கணவர்தான்) அனுபவசாலி, ஆகவே

ஆகவேக்குப் பிறகு பேனா நகரவில்லை. அந்த அனுபவம்தானே படகைக் கவிழ்க்கப் பார்த்தது.

2.
இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றும் குடை ராட்டினத்தில் உட்கார்ந்து எதிரே இருப்பவரிடம் பந்தை எறிந்தால், அது வளைந்து போவதாகத் தெரியும். கீழே நின்று டிக்கெட் கிழிப்பவர் கண்ணுக்கு அது நேராகத்தான் போகிறது. பந்தை யாரும் தள்ளவில்லை, சுற்றுவது நாம். இதற்குத் தோற்ற விசை என்று பெயர். பூமியும் ராட்டினம்தான் என்பதால் காற்று வடபாதியில் வலப்பக்கம் ஒதுங்குகிறது, தென்பாதியில் இடப்பக்கம். அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், எங்கள் தைவான் கடலில் புயலின் கண் இடது கைப்பக்கம் இருக்கும். அர்ஜென்டினாவுக்கு அப்பால் வலது கைப்பக்கம்.

அந்த அர்ஜென்டினாப் பக்கத்தில்தான் என் கணவர் பதினேழு வருடம் கணவாய் மீன் பிடித்தார். போன வருடம்தான் ஊர்க்கடலுக்கு மாறி, சூரை மீன் பிடிக்கும் படகு ஓட்டுகிறார்.

3.
அலை ஒன்று சுக்கான் அறைக் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தது. ரேடியோ, ரேடார் திரை எல்லாம் செத்தன. சுவரில் காற்றழுத்த முள் மட்டும் மிச்சம்; புயலின் கண் நெருங்கினால் அது இறங்கும். அவர் காற்றுக்கு முதுகைக் காட்டி வலது கையை நீட்டினார்.

"கண்ணு அந்தப் பக்கம். படகை இடது பக்கம் திருப்பு."

அரை மணி நேரத்தில் முள் சரசரவென்று இறங்கியது. அவர் தன் தவறை உணர்ந்து

4.
"நிறுத்துடி" என்றார், தோளுக்கு மேல் எட்டிப் படித்துக்கொண்டிருந்தவர். "நான் எங்க உணர்ந்தேன்? வார்சோ எங்க?"

வார்சோ படகின் எஞ்சின்காரர், ஜாவாக்காரர். அவரைக் கதையிலிருந்து நான்தான் எடுத்தேன். புருஷன் பெருமை, வேறென்ன?

"அந்த ஆள் வந்தா நீங்க முட்டாளாத் தெரிவீங்க."

"தெரியட்டும். அன்னிக்கு முட்டாளாத்தான் இருந்தேன்."

சரி, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

"கேப்டன், இது உங்க ஊர்க் கடல். இங்க இடது கை" என்றார் வார்சோ.

"பதினேழு வருஷமா இந்தக் கைதான் என்னைக் காப்பாத்துச்சு."

"அங்க காப்பாத்துச்சு. இங்க முள்ளைப் பாருங்க. இன்னும் அரை மணி இப்படியே போனா, உங்க வீட்டுக்காரியும் என் வீட்டுக்காரியும் நமக்கு ஒரே நாள்ல திதி குடுப்பாங்க."

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு தானே சுக்கானைப் பிடித்து மறுபக்கம் ஒடித்தார். முள் ஏற மூன்று மணி நேரம் பிடித்ததாம்.

5.
முடிவுக்கு வந்துவிட்டோம். என் பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார்: "படகு திரும்பி வரலன்னாதான் கதை மனசுல நிக்கும்மா." முயன்றேன்: மூன்றாம் நாள் காலை, கரையில் ஒதுங்கிய ஒரு

முடியவில்லை. ரேடியோ செத்தபின் படகிலிருந்து தகவல் இல்லாத அந்த முப்பத்தொரு மணி நேரமும் நெஞ்சில் ஏதோ பாரமாக அழுத்தியது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாதது எப்படி அழுத்தும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அந்த முடிவை நிமிடத்துக்கு நிமிடம் மனசுக்குள் எழுதிப் பார்த்தவள் நான். பிணத்துக்கு என்ன சட்டை போடுவது என்பது வரை யோசித்துவிட்டேன்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இப்போது எதிரே உட்கார்ந்து மீன் கஞ்சி குடிக்கிறார், சத்தமாக. அப்பாடா என்றிருக்கிறது. ஆகவே என் கதையில் யாரும் சாகவில்லை. படகு மூழ்கியே ஆக வேண்டும் என்பவர்கள், தங்கள் வீட்டு ஆளைக் கடலுக்கு அனுப்பிவிட்டு எழுதிக்கொள்ளட்டும்.