செய்தவர் பெயர் நீக்கப்பட்டது

1

இக்கதை எனக்குத் தோன்றியதன்று. இதைத் தோன்றவைத்தவள் ரோஸி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். அவள் கேட்டது கதையும் அன்று. நான்கு வரிகளும் கீழே ஒரு கையெழுத்தும் உள்ள ஒரு தாள். அதைப் பெற்றுத்தர இயலாத நிலையில் (பொய். ‘துணியாத நிலையில்’ என்று வாசிக்கவும்) பதினொரு பக்கங்களில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு வரி கேட்டவருக்குப் பதினொரு பக்கம் தருவது நவீன விமர்சனம் பயில்கின்ற எங்கள் வழக்கம்.

2

முதல் தொடக்கம்: ‘மந்தைவெளியில் அந்த மாடியறைக்குச் செல்லும் படிகள் இருளிலிருந்து ஒளிக்கு…’ வேண்டாம். அந்தப் படிகளில் நாற்பது வாட் விளக்கு எப்போதும் எரியும்.

இரண்டாம் தொடக்கம்: ‘1997இல் சென்னை நகரம் மன அமைதியை…’ இது வாரப் பத்திரிகைக்காரர் எழுத வேண்டியது.

மூன்றாவது, அழகில்லாதது, ஆகவே உண்மையானது: செவ்வாய்தோறும் மாலை ஆறரை மணிக்கு, ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர் ஸ்ரீவத்சன் தம் வீட்டு மாடியில் அத்வைத வகுப்பு நடத்தினார். தி. நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் ஏறத்தாழ முப்பது பேர் வருவர். வேதாந்தச் சொற்பொழிவின் மொழியைப் பற்றி ஆய்வேடு எழுதுவதற்காக நானும் சென்றேன். கேட்டவர்கள் ஒலிநாடாக்களை வாங்கிச் சென்றனர். நான் குறிப்பெடுத்துக்கொண்டு, இலவசச் சுண்டலைத் தின்றுகொண்டு, அவர்களைவிட ஒரு படி உயரத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

வகுப்பின் இறுதியில் ஒரு சடங்கு உண்டு. மனத்தை அழுத்துவதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பாரச் சீட்டு என்று பெயர். அதில் செய்தவர் எவரும் இருத்தல் ஆகாது. ஆன்மா எதையும் செய்வதில்லை என்பது போதனை. சீட்டிலிருந்து ஆட்களை நீக்கிச் செம்மையான படி ஒன்றை எழுதி, அதை உரக்க வாசிக்க ஒருவர் தேவைப்பட்டார். என் தமிழ் நன்றாயிருப்பதாக ஸ்ரீவத்சன் கருதினார். நான் வாசித்து முடித்ததும் முப்பது பேரும் மும்முறை ‘நடந்தது’ என்பர். பிறகு இரண்டு தாள்களும் கிழிக்கப்படும்.

என் கைவண்ணத்துக்குச் சான்றுகள் இரண்டு. துணிக்கடை அதிபர் ஒருவர், வீட்டு வேலைக்காரப் பெண் சங்கிலியைத் திருடியதாகப் போலீஸில் ஒப்படைத்தார். மறுவாரம் சங்கிலி அவர் அலமாரியிலேயே கிடைத்தது. என் படி: ‘ஒரு சங்கிலி காணாமற் போயிற்று. பின்னர் அது காணப்பட்டது.’ வங்கி அதிகாரி ஒருவர் பார்வையற்ற தாயை முதியோர் இல்லத்தில் சேர்த்து ஓராண்டாகப் போய்ப் பார்க்கவில்லை. என் படி: ‘தாய் வேறிடம் ஏகினார். சந்திப்பு நிகழவில்லை.’ நடந்தது, நடந்தது, நடந்தது. இருவரும் முகம் தெளிந்து காரேறினர்.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: அத்வைதம் இதைச் சொல்லவில்லை என்று நீங்கள் வாதிடலாம், வாதம் செல்லும். ‘செய்பவன் நானல்லன்’ என்பது, செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு தீர்த்தவன் கடைசியாக வந்துசேரும் இடமாக இருக்கலாம். மந்தைவெளி மாடியில் அது செருப்பைக் கழற்றும் இடத்திலேயே கிடைத்தது. நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிரதிக்கு ஆசிரியன் என்று ஒருவன் இல்லை என்று ராயப்பேட்டைத் தேநீர்க் கடைகளில் மூன்று ஆண்டுகளாக முழங்கியவன் நான். ஒரே சரக்குதான், எங்களிடம் சுண்டல் கிடையாது.)

3

நல்லசிவத்தை ஓர் அயோக்கியனாக எழுதவே விரும்பினேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

கிண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் மின்பிரிவு மேற்பார்வையாளர். ஆலைக்குள் கம்பத்தில் ஏறி வேலைசெய்ய வேண்டுமானால், மின்னறையில் இருப்பவர் அந்த லைனின் சுவிட்சை இறக்கிவிட்டு, உள் தொலைபேசியில் ‘லைன் கிளியர்’ சொல்ல வேண்டும். சொன்ன பிறகே வயர்மேன் ஏறுவார். பிப்ரவரியில் ஒரு காலை நல்லசிவம் தவறான சுவிட்சை இறக்கிவிட்டு லைன் கிளியர் சொன்னார். ஏறிய ஜான்சன் இறந்தான். அவன் ரோஸியின் கணவன்.

தொலைபேசியில் பேசியது இருவருக்கு மட்டுமே தெரியும், ஒருவன் இறந்துவிட்டான். விசாரணையில் நல்லசிவம் வாய் திறக்கவில்லை. ஆலையின் கோப்பு இப்படி முடிந்தது: ‘அனுமதி பெறாமல், மது அருந்திய நிலையில் ஏறியிருக்கலாம்.’ ஜான்சனின் தாய் ஜெசிந்தா இதைக் கேள்விப்பட்ட நாள்முதல் மகன் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதை நிறுத்திவிட்டாள்.

இத்தகையவரை வெறுப்பது எளிது. ஆனால் எட்டு மாதம் அவர் உறங்கவில்லை என்று அவருடைய மனைவி விசாலாட்சி சொல்லியிருக்கிறார். வீட்டில் மின்விசிறியைத் துடைக்க வேண்டுமென்றாலும் மெயின் சுவிட்சை இறக்கி, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று அட்டையில் எழுதி அதில் தொங்கவிட்டு, அந்த அட்டைக்குக் காவலாகப் பக்கத்திலேயே நிற்பாராம். மருத்துவர்கள் தந்த மாத்திரை பகலில்தான் வேலைசெய்தது. யாரோ சொல்லி அக்டோபரில் வகுப்புக்கு வந்தார்.

[இவ்விடத்தில் அவருடைய கண்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நன்றாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.]

4

முதல் நாளே அவர் பாரச் சீட்டு கொடுத்தார். எல்லாரும் அரைப் பக்கம் சுற்றி வளைப்பர்; அவர் நான்கே வரி எழுதியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஆள் இருந்தார், பெரும்பாலும் அவர்தாம். விதிப்படி செய்தவரை எடுத்து, விளைந்ததை மட்டும் வைத்தேன். என் படி:

‘தகவல் சென்றது. ஒருவர் ஏறினார். மின்சாரம் இருந்தது. அவர் விழுந்தார்.’

வாசித்தேன். அறை ‘நடந்தது’ என்றது. நல்லசிவம் தாள்களைக் கிழித்தார். மறுவாரம் விசாலாட்சி வந்து என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, முதன்முறையாக அவர் ஆறு மணி நேரம் தூங்கியதாகவும் அட்டையைத் தாமே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டதாகவும் சொன்னார். என் உரைநடை ஒரு மனிதனை உறங்கவைத்திருக்கிறது. இலக்கியத்தில் நான் பெற்ற ஒரே வெற்றி. வழக்கமாக என் உரைநடையைக் கேட்டு உறங்குகிறவர்கள் கருத்தரங்கப் பார்வையாளர்கள்.

5

சென்ற செவ்வாயன்று ரோஸி வந்தாள். ஆலை நண்பர் ஒருவர் நல்லசிவம் இருக்குமிடத்தைச் சொல்லியிருக்கிறார். விற்று முடித்த கூடையைப் படியருகே வைத்துவிட்டு வாசலில் நின்றாள். அனைத்தும் ஒன்றே என்ற விளக்கம் நடந்துகொண்டிருந்தது. அது நிற்கவில்லை, ஆனால் எவரோ எழுந்து கூடுதலாக இரண்டு ஊதுபத்திகளைக் கொளுத்தினார்.

அவள் நேராக நல்லசிவத்திடம் பேசினாள். “சார், எனுக்கு வேற ஒண்ணும் வாணாம். அவுரு கேட்டுக்கினுதான் ஏறுனாருன்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுக் குடு. எங்க மாமியாராண்ட காட்டணும்.”

நல்லசிவம் எழுந்து நின்றார். பேச முற்பட்டவர்போல் இருந்தது. அதற்குள் ஸ்ரீவத்சன் கனிவோடு குறுக்கிட்டார். அந்தக் கனிவை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை, அவ்வளவு தூய்மையானது.

“அம்மா, இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்றதில்லே. நடந்துடுத்து. அதையே பிடிச்சுண்டு இருக்கறதுதான் துக்கம். நீயும் ஒரு தரம் நடந்ததுன்னு சொல்லிப் பாரு, மனசு லேசாயிடும்.”

“நடந்துச்சுன்னு எனுக்குத் தெரியாதா நைனா? ஆஸ்பத்திரில பொணத்த வாங்கினு வந்தவ நானு.”

விசாலாட்சி எழுந்தார். அவர் குரலில் வேதாந்தம் இல்லை, பயமே இருந்தது. “ஏம்மா, நாலு வாரமாத்தான் இவரு தூங்குறாரு. திரும்ப ஆரம்பிச்சு வைக்காதே.”

“தூங்கட்டும்மா. எழுதிக் குடுத்துட்டுத் தூங்கட்டும். முழிச்சிக்கினு இருன்னா சொல்றேன்?”

நல்லசிவம் என் பக்கம் திரும்பினார். “தம்பி, அன்னைக்கு நீங்க படிச்சீங்களே, அது எப்படி வரும்?”

கதையைப் புனைபவன் நான் என்றால் இவ்விடத்தை மாற்றியிருப்பேன். அவர் எழுதியதும் என் நினைவில் இருந்தது, நான் எழுதியதும் இருந்தது. இரண்டாவதைச் சொன்னேன். ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். தகவல் சென்றது. ஒருவர் ஏறினார். மின்சாரம் இருந்தது. அவர் விழுந்தார். நல்லசிவம் தலையசைத்து உட்கார்ந்துவிட்டார்.

ரோஸி முழுவதையும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இதுல சொன்ன ஆளே இல்லியே. காத்தா சொல்லிச்சு?” அவள் கோபப்படவில்லை, ஏட்டில் பிழை கண்ட ஆசிரியைபோல் இருந்தாள். “படிச்ச புள்ளையாக் கீற. அடுத்த செவ்வாக் கெயமையும் வருவேன். அதுக்குள்ள நல்லாப் படிச்சு வெய்யி.”

அவள் இறங்கிச் சென்றதும் வகுப்பு தொடர்ந்தது. அன்றைக்குச் சுண்டல் பட்டாணி.

6

முடிவுகள்.

அ. நல்லசிவம் மனம் மாறி, பட்டினப்பாக்கம் சென்று, ஜெசிந்தாவின் காலில் விழுந்து அழுகிறார். பின்னணியில் அலைகள். இதைத் தீபாவளி மலருக்கு அனுப்பலாம்.

ஆ. ஸ்ரீவத்சன் தம் போதனையின் வெறுமையை உணர்கிறார். இது அறிவியல் புனைவு.

இ. ரோஸி மாடியறையில் அமர்ந்து ‘நடந்தது’ என்கிறாள், மனம் லேசாகிறது, ஊதுபத்தியின் புகை… இதை எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்துவிட்டேன். கிழிப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு.

ஈ. முடிவு திறந்த நிலையில் விடப்படுகிறது; வாசகரே பிரதியை நிறைவு செய்கிறார். என் ஆய்வு வழிகாட்டி இதை மிகவும் விரும்புவார். ஜெசிந்தாவிடம் போய், “அம்மா, உங்கள் மகன் குடித்துவிட்டு ஏறினானா என்பது திறந்த நிலையில் உள்ளது” என்று அவரே சொல்லட்டும்.

7

நேற்று விசாலாட்சியைக் கபாலீசுவரர் குளத்தருகே சந்தித்தேன். நல்லசிவம் நன்றாகத் தூங்குகிறாராம். “நீங்க ஒண்ணும் கிளறிடாதீங்க தம்பி,” என்றார். கிளறினால் மீண்டும் மெயின் சுவிட்சில் அட்டை தொங்கும். ஒரு மனிதர் அதற்குக் காவல் நிற்பார். அதுவும் எனக்குத் தெரியும். இதையும் எழுதிவிட்டால் இரு பக்கமும் பார்த்த நடுநிலையாளன் என்ற பெயர் எனக்குக் கிடைக்கும். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். அவரிடம் உறக்கம் இருக்கிறது. ஜெசிந்தாவிடம் மகனைப் பற்றி ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யின்மேல் பாய் விரித்துத்தான் அவர் உறங்குகிறார். பாயைப் பின்னியவன் நான்.

நாளை செவ்வாய். ஆறரைக்கு அவள் வருவாள். அங்கே நான் எதைச் சொல்வேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சொல்லிவிட்டதாகவே நீங்கள் நம்பிவிடுவீர்கள், நானும் நம்பிவிடுவேன். நல்லசிவம் தம் கையால் எழுதிய நான்கு வரிகளை, நான் நீக்கியவர்களோடு சேர்த்து, அப்படியே தருகிறேன்.

‘நான் ஃபோனில் லைன் கிளியர் சொன்னேன். ஜான்சன், சார் நல்லாப் பாத்தீங்களா என்று இரண்டு தரம் கேட்டான். நான் இரண்டு தரமும் பார்த்தேன் என்றேன். நான் பார்க்கவில்லை.’

இதன் கீழே கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத தாள் ரோஸிக்கு உதவாது. படித்தவர் என்ற முறையில் இனி உங்களுக்கும் இது தெரியும். நடந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.