அல்ஹம்துலில்லாஹ் என்றால் ஒன்று

பணிமனைத் தாழ்வாரத்தில் ஏழு ரயில் ஓட்டுநர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று யாரும் உட்காரவில்லை. தெற்கே லக்ஸர் நகரம் போய், இறங்காமலே திரும்பி, பதினான்கு மணி நேரம் ஓட்டி வந்திருந்த ஷஹாத்தின் கையில் டீ ஆறிப்போயிருந்தது.

உள்ளே களைப்பை அளக்கும் கருவிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். களைப்பு உண்மைதான் என்று கருவி சொல்லிவிட்டால் போன கையோடு திரும்பும் இந்த இரட்டை நடை நிற்கும், லக்ஸரில் படுத்துத் தூங்கிவிட்டு வரலாம் என்று பேச்சு. ஷஹாத் அதை மலைபோல் நம்பினார். போன மாதம் ஆளில்லாத கரும்புக்காட்டு ரயில்வே கேட்டைத் தாண்டியது அவருக்குத் தெரியவே தெரியாது. தாண்டிய பிறகுதான் கண் விழித்தார். அங்கே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டக் காத்து நிற்பார்கள்.

"வெளிச்சம் வந்ததும் பொத்தானை அமுக்குங்க உஸ்தா," என்றாள் என்ஜினீயர் நக்லா, ஒரு சின்னப் பெட்டியை நீட்டி.

பத்து நிமிடத்தில் பதினேழு வெளிச்சங்களைத் தவறவிட்டார்.

"கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறீங்க."

"அப்படியே எழுதிக்கோங்கம்மா." பரீட்சையில் தேறிய சந்தோஷம் அவருக்கு. பையிலிருந்து கனத்த வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். "எங்க கருவி இதுதான். விரல்ல தொங்கவிட்டுக்குவேன். கண் அசந்தா கீழ தகட்டுல விழும். அந்தச் சத்தத்துல எந்திரிச்சிருவேன்."

இரண்டாவது கருவி அடுத்த மேசையில் குமாஸ்தா ஃபவ்ஸியிடம் இருந்தது. வெறும் காகிதம். ஒன்று என்றால் நல்ல தெம்பு. ஒன்பது என்றால் கண் சொருகுகிறது. ஃபவ்ஸி தலை நிமிராமல் கேட்டான்.

"எப்படி இருக்கீங்க உஸ்தா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

வீடு இடிந்து விழுந்த அன்றைக்கும் எங்கள் பக்கத்தில் எவனும் இந்தக் கேள்விக்கு 'இறைவனுக்கே புகழ்' என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. ஃபவ்ஸி 'ஒன்று' என்ற எண்ணை வட்டமிட்டான். ஷஹாத் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

மூன்று வாரத்தில் அறிவிப்புப் பலகையில் முடிவை ஒட்டினார்கள். நாற்பத்தொரு ஓட்டுநர்களும் களைப்பில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். பெட்டியோ அத்தனை பேரும் களைத்திருப்பதாகச் சொல்கிறது. ஆகவே பெட்டி பிழையானது. இனி நடைக்கு முன்னால் காகிதத்தை நிரப்பினால் போதும். இரட்டை நடை தொடரும்.

நக்லா பெட்டிகளை அட்டையில் அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது அல்லாவுக்கும்மா, காகிதத்துக்கு இல்ல," என்றார் ஷஹாத்.

"எனக்குத் தெரியாதா உஸ்தா? மேலிடத்துல தொண்டை கிழியச் சொல்லிட்டேன். கையெழுத்து அவங்களோடதுதானேங்கிறாங்க."

மறுநாள் காலை ஃபவ்ஸி காகிதத்தை நகர்த்தினான். "எப்படி இருக்கீங்க உஸ்தா?"

"ஒன்பது."

பேனா நின்றது. ஃபவ்ஸி குரலைத் தாழ்த்தினான். "ஒன்பதுன்னு எழுதினா உங்களை மருத்துவக் குழுவுக்கு அனுப்பணும். தகுதியில்லைன்னு எழுதிட்டா அதுக்கப்புறம் யார்டுல கொடி பிடிக்கிற வேலைதான். வெளிய வண்டி நிறைய ஜனம். வேற ஆளும் இல்ல. எனக்குக் காது சரியாக் கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க."

ஷஹாத் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒருத்தி குழந்தையைத் தூக்கி ரயில் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

லக்ஸர் போய்த் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஷஹாத்தின் விரலில் சாவி தொங்கியது. பக்கத்தில் உதவி ஓட்டுநர் கிர்கிஸ் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் வாயும் நின்றுபோனது.

சாவி இரும்புத் தகட்டில் விழுந்தது. சத்தம் கேட்டு விழித்தது கிர்கிஸ் மட்டும்தான். ஷஹாத் நேராக உட்கார்ந்திருந்தார், கண்கள் பாதி திறந்திருந்தன. முன்னால் கரும்புக்காட்டு கேட் வந்துகொண்டிருந்தது.