நீல மூடி

பதினொரு மணிக்கு ஐஸ் பெட்டி வந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் அதற்குப் பின்னால். அதற்குள் முன்னறையைக் காலி செய்ய வேண்டும்.

சோபாவைத் தூக்கி வெளியே போட்டார்கள். தையல் மெஷினைச் சமையலறைக்குள் தள்ளினார்கள். கம்ப்யூட்டர் மேசை மட்டும் நின்றது. நாகராஜ் உயிரோடிருந்தவரை அதன் மேல் வேறு யாரும் கை வைத்ததில்லை.

"அதுங்கிட்டதான் பெரிய பிளக்கு இருக்குது," என்றார் நாகராஜின் அண்ணன் இராமதாஸ். "பெட்டிய அங்கதான் போட்டாவணும். எடுங்க."

நாகராஜ் தன் கையால் இழுத்த லைன் அது. ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வயர்மேனாக இருந்தான். கம்ப்யூட்டருக்கு எதுக்குய்யா ஏசி பாயின்ட் என்று வந்தவர்கள் சிரிப்பார்கள். "நாளைக்கே பெருசா எதனா வாங்கினா?" என்பான். பெரிதாக எதுவும் வாங்கவில்லை.

மகள் பூர்ணிமா மேசையை இழுத்து, பின்னால் குனிந்து வயர்களைப் பிடுங்கத் தொடங்கினாள். கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். விடியற்காலையில்தான் வந்திருந்தாள். பிடுங்கிக்கொண்டிருந்தவள் நின்றாள்.

"அம்மா."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜெயசித்ரா தலையைத் திருப்பினாள்.

"இங்க வந்து பாரேன்."

எழுந்து போனாள். கம்ப்யூட்டரின் முதுகு முழுக்க ஒட்டடை. மானிட்டர் வயர் மேலே ஒரு நீலத் துளையில் செருகியிருந்தது. கீழே, திரையில் படம் வேகமாக ஓட நாகராஜ் தனியாக மாட்டிய கார்டின் ஓரத்தில், அதே அளவில் இன்னொரு நீலத் துளை. அதன்மேல் பிளாஸ்டிக் மூடி.

"புது கார்டு போட்டா ஒயர கீழ சொருவணும்மா. அப்பா பழைய எடத்துலயே வுட்டிருக்காரு. மூடியக் கூடக் கழட்டல."

"அப்ப அந்தக் கார்டு?"

"அதுலேருந்து படமே வந்ததில்ல. சும்மா குந்தினு இருந்திருக்கு."

"கெட்டுப்போனதுதானே அது?"

"போட்டுப் பாத்தாதானே தெரியும். யாரும் போட்டே பாக்கலியே."

பூர்ணிமா மூடியைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அதுவும் நீலம். உள்பக்கம் தூசி கூட இல்லை.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்ததே வினோத்குமார்தான். ஜெயசித்ராவின் தம்பி. பாரதி வீதியில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் அது. நாகராஜுக்கு அதில் ஒரே ஆசை, பஸ் ஓட்டும் கேம். ஷிப்ட் முடிந்து வந்து, லுங்கி கட்டிக்கொண்டு உட்காருவான். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வரும்வரை ஒழுங்காக ஓடும். மழையும் மரமும் வந்ததும் திரை நின்று நின்று நகரும். திருப்பத்தில் கொண்டுபோய் இடிப்பான்.

"புதுசு வாணாம் மாமா," என்றான் வினோத்குமார். "சல்லிசா ஒரு கார்டு பாக்கறேன். தனியா கரன்ட்டு கேக்காத கார்டா பாத்துப் போட்டா இதுலயே வழுக்கினு ஓடும்."

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பல வாரம் தேடி ஒன்று கொண்டுவந்தான். தானே மாட்டித் தருவதாகச் சொன்னான்.

"வயர்மேன் வூட்ல வந்து நீ மாட்டப் போறியா? வச்சிட்டு போடா."

நாகராஜே மாட்டினான். பஸ் முன்போலவே திக்கியது. போனை ஸ்பீக்கரில் போட்டு மைத்துனனைக் கூப்பிட்டான்.

"மாமா, பின்னால ஒயர மாத்தி சொருவிப் பாருங்க."

நாகராஜ் போனை வைத்துவிட்டான். "ஒயரப் பத்தி எனக்குச் சொல்றான் பாரு, உன் தம்பி."

"ஒரு தரம் மாத்திதான் பாருங்களேன்," என்றாள் ஜெயசித்ரா. அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த மாதமே குருசுக்குப்பத்தில் வினோத்குமாரின் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்தபின் நாகராஜ் ஆரம்பித்தான். "எரிஞ்சு போன கார்ட மாமன் தலையில கட்டினவன் இவன். சோத்துல என்னா கலந்திருக்கானோ, பாத்துத் துன்னுங்க." சிலர் சிரித்தார்கள். வினோத்குமார் சாம்பார் வாளியோடு நின்றான். இலையில் விழுந்த சோற்றை விட்டுவிட்டு நாகராஜ் ஜெயசித்ராவின் கையைப் பிடித்து எழுப்பினான். வாசலில் வைத்து அண்ணனிடம் சொன்னான், எல்லோர் காதிலும் விழ: "நான் செத்தாக்கூட இவன் என் வாசப்படி ஏறக் கூடாது."

முத்தியால்பேட்டையிலிருந்து குருசுக்குப்பம் வெற்றிலை போட்டு வாய் சிவப்பதற்குள் போய்விடலாம். அதற்குப் பிறகு ஜெயசித்ரா போகவில்லை. அப்பா அம்மா இல்லாத வீடு. தம்பிதான் பிறந்த வீடு. மாலைகளில் நாகராஜ் பஸ் ஓட்டினான். திரை திக்கும்போதெல்லாம் சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்வான், "உன் தம்பி கைராசி."

ஜெயசித்ரா மூடியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கம்பெனி ஆட்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். நடுவில் இராமதாஸ்.

"நாகராஜ் அண்ணன் சொருவின ஒயரு ஒருநாளும் லூசானதில்ல சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஒருவன். "டெஸ்டரே வாணாம் அவருக்கு. எங்க மூஞ்சியப் பாத்தே லைன்ல கரன்ட்டு இருக்குதா இல்லியான்னு சொல்லுவாரு."

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

"மாமா," என்றாள் ஜெயசித்ரா.

"என்னாம்மா?" இராமதாஸ் திரும்பினார். அவர் கண் சிவந்திருந்தது. கம்பெனி ஆட்களும் திரும்பினார்கள்.

மூடியின் விளிம்பு உள்ளங்கையில் குத்தியது.

"எல்லாருக்கும் தண்ணி குடுக்கட்டுமான்னு கேக்க வந்தேன்."

"நீ போய் உள்ள உக்காரும்மா. அதெல்லாம் பாத்துக்குவாங்க."

பெட்டி வந்தது. பின்னால் நாகராஜ் வந்தான். உள்ளே கிடத்திக் கண்ணாடி மூடியை இறக்கினார்கள். பெட்டிக்காரன் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது, பெட்டி உறுமத் தொடங்கியது.

"நல்ல பாயின்ட்டா போட்டிருக்காங்க. நெறைய வூட்ல ஒயரு சூடாயிடும்," என்றான். "யாரு போட்டது?"

இராமதாஸ் மோவாயால் பெட்டியைக் காட்டினார்.

வெயில் சாய்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் வினோத்குமார் வந்தான். தனியாக. கையில் துணிக்கடைப் பை. கேட்டுக்கு வெளியே நின்றான். இராமதாஸ் எழுந்து போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கயே நில்லு. செத்தவன் சொன்ன சொல்லு இருக்குது."

"கோடி கொண்டாந்திருக்கேன் மாமா."

"குடு. நான் குடுத்துக்கறேன்."

உள்ளேயிருந்து நாகராஜின் அத்தை அஞ்சலாட்சி குரல் கொடுத்தாள். "நீ குடுப்பியா? நல்லாருக்குது நாயம். பொறந்த வூட்டுக் கோடிய பொறந்தவன்தான்யா போடணும். நீ என்னா அவளுக்குப் பொறந்தவனா?"

"தம்பி சொல்லியிருக்கான் அத்த. ஊர் பாக்க சொன்னான்."

"அவன் ஆயிரம் சொல்லுவான். கோடி வுழாம எப்பிடிய்யா தூக்குவீங்க? வூட்டுக்குள்ள வரக் கூடாதுன்னா அவள வெளிய இட்டுனு வாங்க."

இராமதாஸ் யோசித்தார். வாசப்படி ஏறக் கூடாது என்றுதான் தம்பி சொன்னான். தெருவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஜெயசித்ராவை இரண்டு பெண்கள் பிடித்து வாசலில் இறக்கினார்கள். தெருவில், கம்பெனி ஆட்களின் வண்டிகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். வினோத்குமார் செருப்பைக் கழற்றினான். இளைத்திருந்தான். பையிலிருந்து புடவையை எடுத்தபோது உள்ளே ஒரு சின்ன அட்டைப்பெட்டி தெரிந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்தான்.

"இது வேற கார்டு, அக்கா. எடுத்து வச்சினேதான் இருந்தேன். மாமா கோவம் ஆறட்டும், குடுக்கலாம்னு." பையின் வாயைச் சுருட்டிக்கொண்டான். "அவசரத்துல அது இருந்த பையவே எடுத்துனு வந்துட்டேன்."

புடவையைப் பிரித்து அவள் தோள்மேல் போர்த்தினான். பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். அவள் அழவில்லை. வலது கை முட்டி மூடியபடி புடவைக்குள் இருந்தது. பூர்ணிமா கேட்டருகில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சில்ல," என்றார் இராமதாஸ். "கெளம்பு."

வினோத்குமார் நகரவில்லை. ஒப்பாரி ஓயும்வரை நின்றான். பிறகு குனிந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் தெரு அமைதியாகிவிட்டிருந்தது. இராமதாஸுக்குக் கேட்டது, வண்டிகளில் சாய்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது.

"நான் கடையில போட்டுப் பாத்துட்டுதான் குடுத்தேன்னு நெனச்சினு இருந்தேங்க்கா. இப்ப எனக்கே சந்தேகமாப் போச்சி. நீ கூடவே இருந்தவ. நீயே சொல்லு. அந்தக் கார்டு நெசமாவே கெட்டதுதானா?"