மாமியார் தேய்த்த கார்

திலீப் கார் வாங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். பெரிய பெரிய கண்டெய்னர்களை அலட்சியமாகத் தூக்கி வைப்பவன், தன் காரை மட்டும் கைக்குழந்தையைப் போல வைத்திருந்தான். கன்னங்கரேலென்ற கார். துடைக்க ஒரு துணி, ஈரத்தை ஒற்றியெடுக்க இன்னொரு துணி. இரண்டையும் வேறு யாரும் தொடக்கூடாது. "என்னக்கூட இப்டிப் பாத்துகினதில்ல" என்று அவன் மனைவி சினேகா சொல்லிக்காட்டுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் காசிமேட்டில் சினேகாவின் அம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். மாமியார் கோவிந்தம்மா மீன் ஏலம் விடுகிறவள். அவள் குரல் கேட்டால் ஐஸ் வண்டிக்காரன்கூட ஓரம் கட்டுவான். ஆனால் மாப்பிள்ளை என்றால் உருகிவிடுவாள். வஞ்சிரமும் இறாலும் ஒரு கை பார்த்த களைப்பில் திலீப் கண்ணயர்ந்தான்.

சரக் சரக்கென்று சத்தம். யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று புரண்டு படுத்தான். சத்தம் தெருப்பக்கமிருந்து வருகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. எழுந்து வாசலுக்கு ஓடினான்.

கோவிந்தம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் காரின் பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி.

"வா மாப்ள. காக்கா ஒரே கலீஜா பண்ணி வெச்சிருந்துச்சு. துணியில போவல, அதான் நாரு போட்டேன்." ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். "இப்ப எப்டி கீது பாரு."

எச்சம் போயிருந்தது. அது இருந்த இடத்தைச் சுற்றி, வெயில் பட்டதும், கணக்கில்லாத மெல்லிய கோடுகள் மின்னின. திலீப் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் வியர்த்துப்போயிருந்த மாமியாரின் முகம் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தது.

"பளபளன்னு கீது அத்த."

அங்கேதான் அவன் தப்பு செய்தான். "அப்ப கதவுங்கள மட்டும் இன்னாத்துக்கு வுடணும்?" என்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். நாலு கதவும் முடியும்வரை திலீப் வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்த சினேகா, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மறுநாள் காரை ராயபுரத்தில், கார்களுக்குப் பாலிஷ் போடும் அத்தாவுல்லாவின் கடையில் கொண்டுபோய் விட்டான். அவர் ஒரு டியூப் லைட்டைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"யாரு பண்ணது? விரோதியா?"

"மாமியாரு."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கோடுகளுக்குக் குறுக்கே நகத்தால் வருடினார். "நகம் மாட்டல. மேல பூசற கண்ணாடிப் பூச்சுல, கிளியர் கோட்டுல மட்டும்தான் கீது, பெயிண்டுக்கு எறங்கல. மிஷின் போட்டு எடுத்துடலாம் தோஸ்து."

பின்கதவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நகம் மாட்டியது. நாரில் மணல் ஒட்டியிருந்திருக்க வேண்டும். அங்கே பொட்டு வைப்பதுபோலக் கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வைத்தார். சாயங்காலம் கார், ஷோரூமிலிருந்து எடுத்த நாளைவிடக் கருப்பாக மின்னியது.

அந்த மினுமினுப்பே அடுத்த ஞாயிறு வம்பாகிவிட்டது. கோவிந்தம்மா காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நான் தேச்சது நல்லா எடுத்துகினு கீது பாத்தியா" என்று தெருவுக்கே சொன்னாள். எதிர்வீட்டு மாரியப்பன் வந்து பார்த்தார். விசைப்படகு வைத்திருப்பவர், போன வாரம்தான் சிவப்புக் கார் எடுத்திருந்தார். திலீப்பின் கார் கதவில் தன் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"அக்கா, என் வண்டியில ஐஸ் பொட்டி ஒரசி ஒரு கோடு வுழுந்துகீது. அதயும் கொஞ்சம் பாரேன்."

"இரு, நாரு எடுத்தாறேன்."

திலீப் மாமியாரையும் சிவப்புக் காரையும் மாறி மாறிப் பார்த்தான். சொன்னால் மாமியார் முகம் சுருங்கும். சொல்லாவிட்டால் இன்னொரு புதுக் கார் பாழாகும். கோவிந்தம்மா நாரை நனைத்துக்கொண்டு சிவப்புக் காரின்மேல் குனிந்தபோது, தன்னையறியாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேணாம் அத்த. நாரு போட்டா கோடு ஜாஸ்திதான் ஆவும். என் வண்டியவே கடையில வுட்டுத்தான் சரி பண்ணேன்."

மாரியப்பன் மெல்ல நகர்ந்து, தன் காருக்கும் வாளிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

கோவிந்தம்மா நாரைப் பார்த்தாள். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "பானெட்டு தேச்சப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு நாலு கதவயும் தேய்க்க வுட்ட? அன்னிக்கெல்லாம் தோளு வுட்டுப்போச்சு மாப்ள. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் உள்ள வந்து படுத்திருப்பேன்ல."

திலீப் இதை எதிர்பார்க்கவே இல்லை. முழித்தான்.

"இனிமே எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லு. நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

"சரி அத்த."

மாரியப்பனுக்கு அத்தாவுல்லாவின் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மா சங்கரா மீன் குழம்பைத் தாராளமாக ஊற்றினாள்.

"கொழம்பு எப்டி கீது மாப்ள?"

ஒரு வாரமாக அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கிய உற்சாகம் திலீப்புக்கு. ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டான்.

"புளி கொஞ்சம் தூக்கலா கீது அத்த."

கரண்டி அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சினேகா அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கோவிந்தம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். திரும்பி வரும்போது கையில் ரசம் இருந்தது, மாப்பிள்ளைக்கு மட்டும்.